பிசிறு வெட்டிய சட்டை

என் தங்கைக்குக் கை சும்மா இருக்காது. அவளைப் பற்றிச் சொல்லச் சொன்னால் நான் அங்கேயிருந்துதான் ஆரம்பிப்பேன். நல்லவள், பாடுபட்டவள் என்பதெல்லாம் எல்லாரும் தங்கள் தங்கையைப் பற்றிச் சொல்கிறதுதான்.

துணி ஆலையில் வேலை. தைத்து முடித்த சட்டைகள் மலை மாதிரி வந்து குவிகிற மேஜையில் அவளுக்கு ஓரத்து இடம். தைத்தவர்கள் விட்டுவிட்டுப் போன நூல் வால்களைத் தேடித் தேடி வெட்டி, சட்டையை ஒரு உதறு உதறி, அடுத்த மேஜைக்குத் தள்ள வேண்டும். அந்த நூல் வாலுக்குப் பிசிறு என்று பெயர். ஆலையில் என் தங்கைக்கும் அதுதான் பெயர். பிசிறக்கா. புதிதாக வருகிற சூப்பர்வைசர் முதல் நாள் மட்டும் மரியாதையாக "வாங்கம்மா" என்பார். மறுநாள் அவருக்கும் பிசிறக்காதான்.

கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷன் போய்விட்டான். செத்துப்போகவில்லை, போய்விட்டான். அவனைப் பற்றி இதற்கு மேல் என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. கைக்குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு அந்த மேஜையில் போய் நின்றவள் இன்றைக்கும் நிற்கிறாள். உட்கார்ந்தால் வேகம் குறையும் என்று அங்கே நாற்காலியே போடுவதில்லை. நூல் வெட்ட ஒரு குட்டிக் கட்டர் உண்டு, சாமணம் மாதிரி இருக்கும், அமுக்கினால் வெட்டும். அதை நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பாள். வீட்டுக்கு வந்தாலும் கழற்ற மாட்டாள். ஏண்டி என்று கேட்டால், "இருந்துட்டுப் போகட்டுமே அக்கா, சோறா கேக்குது?" என்பாள்.

அதனால் ஊரில் யார் உடம்பில் நூல் தொங்கினாலும் அது இவளுக்குச் சொந்தம். பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்கிற ஆளின் காலரில் பிசிறு இருந்தால், பஸ் வருவதற்குள் அது இருக்காது, அந்த ஆளுக்கும் தெரியாது. ஒருமுறை சளி பிடித்து டாக்டரிடம் போனோம். அவர் குழாயை நெஞ்சில் வைத்து "மூச்சை இழுங்க" என்கிறார். இவள் மூச்சை இழுத்துக்கொண்டே அவர் கோட்டுப் பையில் தொங்கிய நூலை வெட்டிவிட்டாள். அவர் துள்ளிப் பின்னால் போனார். "என்னம்மா பண்றீங்க?" "ஒண்ணுமில்லை டாக்டர், பிசிறு." எனக்குத்தான் வெட்கம். அவளுக்கு அது கண் சிமிட்டுகிற மாதிரி.

கைக்கு அடுத்தபடியாக அவளிடம் இருப்பது கவலை. பஸ் தாமதமாக வந்தால் எங்கோ விபத்து. சீக்கிரம் வந்தால் டிரைவர் குடித்திருக்கிறான். மகள் போன் எடுக்காவிட்டால் காய்ச்சல், எடுத்தால் "ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்கு வெளிச்சமும் பேய்தான்.

அந்த மகள் படம் வரையப் படித்தாள். வேண்டாம் என்று என் தங்கை அழுதாள், நான்தான் படிக்கட்டும் என்று பிடிவாதமாக நின்றேன். படித்து முடித்து, பெரிய நகரத்தில் ஒரு படக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கேலரி என்கிறார்கள். படங்களைச் சுவரில் மாட்டுவது, பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்வது, சாவி, விளக்கு, தூசி, எல்லாம் அவள் பொறுப்பு. ஆனால் வேலை நிரந்தரம் இல்லை. அரை வருஷம் சோதனைக் காலம். அது முடிகிற மாதக் கடைசியில்தான் அங்கே முதலாளியாக இருக்கிற மேடம், இருக்கச் சொல்வதா போகச் சொல்வதா என்று முடிவு சொல்வதாக இருந்தது. என் தங்கைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆலையில் மிஷின் மாற்றுகிறோம் என்று ஒரு வாரம் மூடிவிட்டார்கள். மகள் போன் பண்ணினாள்.

"அம்மா, பெரியம்மாவைக் கூட்டிட்டுக் கிளம்பி வா. ஊரைச் சுத்திக் காட்டுறேன். இங்க தெருவெல்லாம் படம்தான்."

"உனக்கு வேலை இருக்குமே கண்ணு. நாங்க வந்து உன் வேலைக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"நீ வந்தா வேலை எப்படிம்மா போகும்?"

கேட்டாள் பாருங்கள் ஒரு கேள்வி.

போனோம். மகள் இருந்தது மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. கட்டிலுக்குக் கீழே பெயிண்ட் டப்பாக்கள், ஜன்னலில் காயப்போட்ட துணி, அடுப்புக்குப் பக்கத்திலேயே தூரிகைகள். என் தங்கை போனதும் முதல் வேலையாக ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தாள்.

மகள் இரண்டு நாள் லீவு போட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு அலைந்தாள். ஒரு சந்து முழுக்க வீட்டுச் சுவர்களில் கூரை வரைக்கும் படம். ஒரு கட்டடத்தின் பக்கவாட்டுச் சுவரில் ஒரே ஒரு கண், அத்தனை பெரிசு. அந்தக் கண்ணின் இமையிலிருந்து யாரோ கொடி கட்டிப் போர்வை காயப்போட்டிருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. தங்கை மேலே பார்க்காமல் "இதை வரைஞ்சவன் கீழ விழலையே?" என்று கேட்டாள்.

"விழலைம்மா."

"நீ இப்படியெல்லாம் ஏறி வரையிறதில்லையே?"

"இல்லைம்மா."

"சத்தியமா?"

தரைக்குக் கீழே ஒரு இருட்டறையில் சினிமா மாதிரி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஆள் கூட்டின இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டுகிறான். அவ்வளவுதான். சனங்கள் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்து பார்க்கிறார்கள். "இவனுக்கு யாரு சம்பளம் குடுக்கிறா?" என்று நான் கேட்டது கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டது. முன்னால் இருந்த பெண் சிரித்தாள். தங்கை என் தொடையைக் கிள்ளினாள். இன்னோர் இடத்தில் எல்லாரும் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டையைத்தான் படித்தார்கள். எனக்கு எழுத்துத் தெரியாததால் நான் படத்தைப் பார்த்தேன். ஒரு ஆட்டை வரைந்திருந்தார்கள், முட்டி தப்பான பக்கம் மடங்கியிருந்தது. சொன்னேன். "அது அப்படித்தான் பெரியம்மா" என்றாள் மகள். எப்படித்தான்? ஆடு ஆடுதான்.

இந்த ஊர் சுற்றலில் என் தங்கை ஒன்றையும் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். எதையாவது உடைத்துவிடுவோம் என்ற பயம். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள். கால் கடுத்தாலும் உட்கார மாட்டாள், நாற்காலி எது, காட்சிப் பொருள் எது என்று தெரியவில்லையாம். "நீ ஒரு இடத்துல உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்றால், "அவளுக்கு மாசக் கடைசி அக்கா. நம்மளால ஒரு சொல் வந்துடக் கூடாது" என்பாள். அதே பேச்சு. காலையில் அது, மத்தியானம் அது.

மூன்றாம் நாள் மகளுக்கு மத்தியானத்துக்கு மேல் வேலை. அன்று சாயங்காலம் அவளுடைய கேலரியில் புதுக் காட்சி திறக்கிறார்கள். திறப்புக்கு முன்னால் வெளியாள் யாரும் உள்ளே வரக் கூடாது என்பது மேடத்தின் சட்டம். ஆனால் சாயங்காலம் பெரிய மனிதர்கள் கூட்டத்தில் அம்மா வாசலைத் தாண்டமாட்டாள் என்று மகளுக்குத் தெரியும். தன் வேலையை அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று பிள்ளைக்கு ஆசை இருக்காதா? காலையிலேயே கூட்டிக்கொண்டு போனாள். மேடம் இன்னும் வரவில்லை. மாட்டுகிற வேலை செய்கிற ஏணிக்காரர் மட்டும் இருந்தார், அவரும் டீ குடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். "அம்மாவா? பாருங்க, பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே, ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரைக்கும் குறுக்கே தொங்கியது துணி. துணி என்றால் சட்டைகள். நூற்றுக்கணக்கான சட்டைகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒரே திரையாகத் தைத்திருந்தார்கள். கை இல்லாத சட்டை, காலர் இல்லாத சட்டை, பட்டன் பட்டை பாதியில் நிற்கிற சட்டை. ஒவ்வொன்றிலிருந்தும் நூல் தொங்கியது. மழைத்தாரை மாதிரி நூல்.

என் தங்கையின் முகத்தைப் பார்த்தேன். பசித்தவன் முன்னால் இலை போட்ட மாதிரி இருந்தது.

"எதையும் தொடாதீங்க, என்ன?" என்றாள் மகள்.

"நான் ஏண்டி தொடப் போறேன்?" என்று தங்கை கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பின்கதவில் யாரோ மணி அடித்தார்கள். விளக்குக்காரர் பல்பு கொண்டுவந்திருக்கிறார், வாங்கிவைக்கிறேன் என்று மகள் போனாள். நான் திரைக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சுற்றிப் போனேன். அந்தப் பக்கமும் சட்டைதான். ஒரு சட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பை தைத்து, அதற்கு மேல் தைக்காமல் விட்டிருந்தார்கள், எதற்கு இத்தனை சின்னப் பை என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் மெதுவாகச் சுற்றிவந்தேன். எனக்கு முட்டி வலி, நான் நடந்தால் நத்தை நடக்கிற மாதிரி.

வந்து பார்க்கிறேன். என் தங்கை சட்டையைப் பார்த்துக் குனிந்து நிற்கிறாள். கட்டர் கழுத்தில் இல்லை, விரலில் இருக்கிறது. அவள் கண் உயரத்தில் இருந்த ஒரு நீலச் சட்டையில் ஒரு நூல்கூட இல்லை. காலர், தோள், கைத்துளை, அடி மடிப்பு, எல்லாம் சுத்தம். கடையில் தொங்கவிடலாம். அவளுடைய இடது கை அந்தச் சட்டையின் ஓரத்தைப் பிடித்து, உதறித் தள்ள அடுத்த மேஜையைத் தேடிக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி" என்றேன்.

அப்போதுதான் அவளுக்குத் தூக்கத்திலிருந்து விழித்த மாதிரி ஆனது. சட்டையைப் பார்த்தாள். இடது உள்ளங்கையில் சுருட்டியிருந்த நூலைப் பார்த்தாள்.

"அக்கா, நானா பண்ணினேன்?"

"இல்லை, பக்கத்து வீட்டுக்காரி வந்து பண்ணிட்டுப் போனா."

"ஒண்ணே ஒண்ணுதான் அக்கா வெட்டலாம்னு நினைச்சேன். ஒண்ணு ரொம்ப நீளமா இருந்துது."

மகளின் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கை நூலைக் கைக்குட்டையில் சுருட்டிப் பையில் போட்டாள். நான் அவள் கையைப் பிடித்து, "கம்முனு இரு" என்றேன். இதில் நான் செய்தது தப்பென்று யார் சொன்னாலும் கேட்க மாட்டேன். அத்தனை ஆயிரம் நூலில் ஒரு சட்டை நூல் போனால் யாருக்குத் தெரியும்? மாதக் கடைசி கழியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மகள் வந்தாள், "எப்படிம்மா இருக்கு?" என்றாள். "நல்லா இருக்கு கண்ணு" என்றாள் தங்கை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மகள் சந்தோஷத்தில் அதைக் கவனிக்கவில்லை. விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, எங்களை வெளியே கூட்டிவந்தாள்.

அங்கிருந்து ஒரு சிற்பக் கொட்டகைக்குப் போனோம். பழைய சைக்கிள் சங்கிலிகளைப் பற்றவைத்து ஒருவர் குதிரை செய்துகொண்டிருந்தார். நெருப்புப் பொறி பறந்தது. மற்ற நாளாக இருந்தால் தங்கை "கண்ணு கண்ணு, கண்ணுல படப்போகுது" என்று கத்தியிருப்பாள். அன்று பேசாமல் நின்றாள். பையை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். இவளுக்குக் கனமே இல்லாத கொஞ்சம் நூல்தான், ஆனால் கல்லைச் சுமக்கிற மாதிரி நடந்தாள்.

மகள் குதிரைக்காரரோடு பேசும்போது என் காதில் சொன்னாள்: "சொல்லிடட்டுமா?"

"சொல்லி? ஒட்டவா போகுது?"

"அது அவங்க வேணும்னே விட்டதா இருக்குமா அக்கா? இல்லை, முடிக்காம விட்டதா இருக்குமா? முடிக்காததா இருந்தா நான் பண்ணினது உதவிதானே?"

எனக்கு என்ன தெரியும்? "உதவியா இருக்கும்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், நான் சொன்னதை அவளும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

டீக்கடையில் உட்கார்ந்தபோது போன் வந்தது. மேடம். மகள் எங்கள் எதிரிலேயே பேசினாள்.

"சொல்லுங்க மேடம். என்னது? வெட்டியிருக்கா? எந்தச் சட்டை?" எழுந்து நின்றுவிட்டாள். "காலையில நான்தான் திறந்தேன் மேடம். அம்மாவும் பெரியம்மாவும் ஒரு நிமிஷம் எட்டிப் பாத்தாங்க. மன்னிச்சிடுங்க மேடம், கேட்காம கூட்டிட்டு வந்தது தப்புதான். ஆனா எங்கம்மா சேர்ல உக்காரவே பயப்படுவாங்க மேடம். அவங்க தொட்டிருக்க மாட்டாங்க. நான் பொறுப்பு." கொஞ்ச நேரம் கேட்டாள். "ஏணிக்காரரா? அவர் அப்படிப் பண்ற ஆள் இல்லையே... சரிங்க மேடம். அனுப்பிடறதுன்னா... நான் வந்துடறேன், நான் வர்ற வரைக்கும்..."

என் தங்கை டீ டம்ளரைக் கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் டீ சிந்தியது.

"நான்தான்" என்றாள்.

மகளுக்குப் புரியவில்லை. போனைக் கையால் மூடிக்கொண்டு, "என்னம்மா?" என்றாள்.

"நான்தான் வெட்டினேன். அந்த ஏணிக்காரர் இல்லை. நான்தான்." பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள்.

மகள் கைக்குட்டையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தெருவைப் பார்த்தேன். போனில் மேடத்தின் குரல் "ஹலோ, ஹலோ" என்றது.

"மேடம்," என்றாள் மகள். "ஏணிக்காரரை ஒண்ணும் சொல்லாதீங்க. எங்கம்மாதான். நாங்க வர்றோம்."

போனை வைத்துவிட்டு மகள் முன்னால் நடந்தாள். பஸ்ஸில் தனியாக உட்கார்ந்தாள். இறங்குகிற இடத்தில் மட்டும் திரும்பி, "நான் பொறுப்புன்னு சொன்னேன்மா. உன் எதிர்லதான் சொன்னேன்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

கேலரியில் மேடமும் அந்தத் திரையைச் செய்த அம்மாவும் இருந்தார்கள். நான் அவளைச் சட்டைக்காரம்மா என்றுதான் சொல்வேன். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள், விரலெல்லாம் ஊசி குத்தின காய்ப்பு. ஏணிக்காரர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சிடுங்கண்ணா" என்று என் தங்கை முதலில் அவரிடம்தான் போனாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏன் வெட்டினீங்க?" என்று சட்டைக்காரம்மா கேட்டாள். கத்தவில்லை.

"பிசிறு இருந்துதும்மா. எங்க ஆலையில பிசிறோட போனா பீஸ் திரும்பி வந்துடும். கை பழகிப்போச்சு. நான் வெட்டணும்னு வெட்டலை."

"நீங்க ஆலையில வேலை பாக்கறீங்களா?"

"ஆமாம்மா. ஃபினிஷிங்."

சட்டைக்காரம்மா நீலச் சட்டையின் அடி மடிப்பைத் தொட்டாள். "இந்தச் சட்டையெல்லாம் மூடிப்போன ஒரு ஆலையில இருந்து வந்தது. பாதி ஷிப்ட்ல மணி அடிச்சு எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டாங்க. யாரு கை எங்க நின்னுதோ, அங்கேயே விட்டுட்டுப் போயிட்டாங்க. அந்த நூலைத்தான் நீங்க வெட்டினீங்க."

என் தங்கை பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். அவளுடைய ஆலையும் இரண்டு முறை மூடுவதாகச் சொல்லித் திறந்த ஆலைதான். அது எனக்குத் தெரியும், அந்த அம்மாவுக்குத் தெரியாது. நான் சொல்ல வாயெடுத்தேன். தங்கை கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

"நூல் எல்லாம் இருக்கும்மா" என்று கைக்குட்டையை நீட்டினாள். "ஒண்ணையும் கீழ போடலை. திரும்ப வெச்சுத் தெச்சுட முடியாதா?"

"உங்களுக்குத் தைக்கத் தெரியுமா?"

"தெரியாதும்மா. வெட்டத்தான் தெரியும்."

மேடத்தின் உதடு துடித்தது, சிரிப்பா கோபமா தெரியவில்லை. சட்டைக்காரம்மா சிரிக்கவில்லை. "நான் தைச்சா அது நான் வெச்ச நூல். அதைத் தைச்ச பொண்ணு விட்டுட்டுப் போன நூல் இல்லை" என்றாள். அப்புறம் ஏணிக்காரரைப் பார்த்து, "அண்ணா, ஏணியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் போடுங்க" என்றாள்.

அந்தச் சட்டையைச் சுற்றிப் பிரித்துத் தனியாக எடுத்தார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். ஒரு இடத்தில் துணி சுருண்டு விழப்போனது. "நான் பிடிச்சுக்கட்டுமாம்மா?" என்று என் தங்கை ஒரு அடி முன்னால் வந்தாள். "வேண்டாம். நீங்க தொடாதீங்க" என்றாள் அந்த அம்மா. என் தங்கை அந்த அடியைத் திரும்பப் பின்னால் வைத்தாள். கன்னத்தில் அடித்திருந்தால்கூட அப்படி நின்றிருக்க மாட்டாள். எனக்கு அந்த அம்மா மேல் கோபம் வந்தது, இன்னமும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை.

சட்டை போன இடத்தில் ஓட்டை. பல் விழுந்த வாய் மாதிரி. அதன் வழியாகப் பின்னால் இருந்த வெள்ளைச் சுவர் தெரிந்தது. அப்படியே இருக்கட்டும் என்று சட்டைக்காரம்மா சொல்லிவிட்டு, சட்டையை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். கைக்குட்டையை வாங்கிக்கொள்ளவில்லை.

தங்கை மேடத்திடம் போனாள். "அம்மா, என் பொண்ணு தொடாதேன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தா. தப்பு அவ மேல இல்லை. மாசக் கடைசிங்கம்மா. இதை மனசுல வெச்சுக்காதீங்க."

"அவங்க சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார் மேடம். "ஆனா கதவைத் திறந்தது அவங்கதானே?"

"மேடம், என்னை..." என்று மகள் ஆரம்பித்தாள்.

"இப்ப எனக்குத் திறப்பு விழா இருக்கு. நாளைக்குப் போன் பண்றேன்."

அவ்வளவுதான் பேச்சு. மகள் உள்ளே வேலைக்கு நின்றாள், நாங்கள் இரண்டு பேரும் வழி கேட்டுக் கேட்டு அறைக்கு வந்து சேர்ந்தோம். என் தங்கை கட்டிலில் உட்கார்ந்தாள். சாப்பிடச் சொன்னேன், தலையை ஆட்டினாள், சாப்பிடவில்லை. "நான் வராமலே இருந்திருக்கலாம்" என்றாள். "ஆமா" என்றேன். வேறு என்ன சொல்வது? பொய் சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். மகள் வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் காலையில் தங்கை துணிமணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். மகள் பல் தேய்த்துவிட்டு வந்து அதைப் பார்த்தாள்.

"எங்க கிளம்பறே?"

"ஊருக்குத்தான்."

"நாளைக்குத்தான் டிக்கெட். இன்னைக்கும் லீவு சொல்லியிருக்கேன், மியூசியம்."

"நான் வரலை. நான் எங்கயும் வரலை. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான் பயமா இருக்கு" என்று கத்தினாள் மகள். முதல் தடவையாக. "மேடம் எப்போ கூப்பிடுவாங்க, என்ன சொல்லுவாங்கன்னு போனையே பாத்துக்கிட்டிருக்கேன். இந்த ரூம்ல உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா செத்துடுவேன். கிளம்பு."

கிளம்பினோம். மியூசிய வாசலில் மகள் அம்மாவின் வலது கையைப் பிடித்தாள். சின்ன வயசில் ரோடு தாண்ட அம்மா அவளைப் பிடித்தது போல, இறுக்கி. அன்பாகப் பிடித்தாள் என்று நான் சொல்ல மாட்டேன். திருடனைப் பிடிக்கிற பிடிதான். ஆனால் விடவில்லை. ஒவ்வொரு அறையாகப் போனோம். கோபம் தீராமலே அவள் ஒவ்வொரு படத்தையும் விளக்கினாள், கேலரிக்கு வருகிற முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற மாதிரி வறட்டுக் குரலில். மகளின் இன்னொரு கையில் போன், அது எப்போது அடிக்கும் என்று எங்கள் மூன்று பேருக்கும் அதில்தான் கண்.

ஒரு சின்னப் படத்துக்கு முன்னால் என் தங்கை நின்றுவிட்டாள். மகள் இழுத்தாள், வரவில்லை. ஒரு பெண் வாளியில் கை கழுவுகிறாள். அதுதான் படம். வேறு ஒன்றும் இல்லை.

"வேலை முடிஞ்சிடுச்சு இவளுக்கு" என்றாள் தங்கை.

"எப்படிச் சொல்றே?" என்று நான் கேட்டேன்.

"நடுவுல கழுவறவ விரலை மட்டும் நனைச்சுட்டு ஓடுவா. இவ முழங்கை வரைக்கும் கழுவறா பாரு."

மகளும் பார்த்தாள். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து என் தங்கை ஒரு படத்தைப் பார்த்தது அப்போதுதான்.

போன் அடித்தது. மகள் அம்மாவின் கையை விட்டுவிட்டு ஓரமாகப் போனாள். விட்ட கையை என்ன செய்வது என்று தெரியாமல் தங்கை அக்குளுக்குள் செருகிக்கொண்டாள். எங்களுக்கு மகளின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. "சரிங்க மேடம்" என்பது கேட்டது. கொஞ்சம் கழித்து மறுபடியும் "சரிங்க." அந்த முதுகிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

திரும்பி வந்தாள்.

"என்னடி சொன்னாங்க?" நான்தான் கேட்டேன்.

"போகச் சொல்லலை."

"அப்பாடா!"

"நிரந்தரமும் இல்லை பெரியம்மா. சோதனைக் காலம் மறுபடியும் முதல்ல இருந்தாம். இதுவரைக்கும் பாத்ததெல்லாம் கணக்குல வராதாம். ஏணிக்காரர் இருக்கார், அவருக்கு ஒண்ணுமில்லை."

தங்கை அக்குளிலிருந்து கையை எடுத்தாள். "மறுபடியும் அரை வருஷமா?"

"ஆமா."

"அதுவரைக்கும் நான் எப்படிடி தூங்குவேன்?"

"நீ எப்பம்மா தூங்கினே?"

சிரிப்பு வந்தது எனக்கு, அடக்கிக்கொண்டேன். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

"உனக்கு என் மேல கோவம் போயிடுச்சா?" என்று கேட்டாள் தங்கை.

"போகலை. கொஞ்ச நாள் இருக்கும்."

"இருக்கட்டும்" என்றாள் இவள். "இருக்கிறதுதான் நியாயம்."

மகள் கையை நீட்டினாள். "குடு. இன்னும் மேல்மாடி இருக்கு."

மேல்மாடியில் என்ன இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். முட்டி வலி, நான் கீழேயே உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் படியேறுவதைத்தான் பார்த்தேன். தங்கை ஒவ்வொரு படியிலும் நின்று ஏதோ கேட்டாள். மேடம் குரல் எப்படி இருந்தது, கோபமாகச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா, அந்தச் சட்டைக்காரம்மா ஏதாவது சொன்னாரா என்று கேட்டிருப்பாள், வேறு என்ன கேட்கப் போகிறாள்? மகள் ஒவ்வொரு படியிலும் நின்று பதில் சொன்னாள். திருப்பம் வரைக்கும் எனக்குத் தெரிந்தது. அப்புறம் சுவர் மறைத்துவிட்டது.